டாலிக்குப் பூ கேட்ட அமாவாசை

நாற்றம் முதலில் மூக்குக்கு வருவதில்லை, நாக்குக்குத்தான் வருகிறது. இப்போதுதான் இட்லி தின்றுவிட்டு வந்து குந்தினேன், வாய்க்குள் பழைய செப்புக்காசை அதக்கி வைத்த மாதிரி ஒரு ருசி ஊறுகிறது, அதற்கப்புறம்தான் மூக்கு விழித்துக்கொண்டு அட நாசமே என்கிறது. தினமும் இதே வரிசைதான். இந்த வேலையை முடித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தால் சாப்பாடு இறங்காது, தின்றுவிட்டு வந்தால் தின்றது மேலே ஏறும், எந்தப் பக்கம் போனாலும் முட்டுச்சந்து. துவைக்கிற கல்லடியில் சாக்கின் மேல் டாலி படுத்திருக்கிறாள். வெந்நீர்ச் சட்டியைக் கீழே வைத்த சத்தம் கேட்டதுமே பின்காலை மெல்லத் தூக்கி வைத்துக்கொள்கிறாள், நான் கேட்காமலே. எனக்கு அதைப் பார்த்தால் ஆத்திரம் வருகிறது. இத்தனை வருஷம் நான் கிட்டே போனால் பல்லைக் காட்டியவள், என் மனைவி யமுனாவிடம் நான் குரலை உயர்த்திப் பேசினால் கட்டிலுக்கு அடியிலிருந்து உறுமியவள், ஒரு தீபாவளிக்குப் புதுவேட்டியோடு சேர்த்து என் கெண்டைச்சதையைப் பிடுங்கியவள், இப்போது ஆஸ்பத்திரிக்கு வந்த கிழவி மாதிரி காலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு படுத்திருக்கிறாள். அது இது என்றுதான் முன்பெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன், எப்போது அவள் ஆனாள் என்று தெரியவில்லை, புண் வந்த பிறகாகத்தான் இருக்கும். என் மாமனார் நாச்சிமுத்து வாங்கிவந்த நாய் இது, என் மகன் தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில் சட்டைக்குள் வைத்துத் தூக்கிவந்த பாமரேனியன் குட்டி, மகன் இப்போது நாமக்கல்லில் ஆஸ்டலில் பத்தாவது படிக்கிறான். மாமா வாங்கிய நாய், மாமா வீடு, மாமா வீட்டுத் துவைக்கிற கல். சீழ் மட்டும் எனக்கு.

பனியனைக் கழற்ற வேண்டும். நாய்க்குப் பனியனா என்று வெளியூர்க்காரன் சிரிப்பான், திருப்பூரில் எதற்குத்தான் பனியன் இல்லை, ஜன்னலுக்குத் துணி, சைக்கிளுக்குத் துடைப்பு, தலையணைக்குள் பஞ்சுக்குப் பதில் பனியன் வேஸ்ட். கட்டு நிற்காமல் நழுவி நழுவி விழுந்ததால் நான்தான் கம்பெனியிலிருந்து ரிஜெக்ட் ஆன குழந்தைப் பனியன்களை எடுத்துவந்து மாட்டிவிட ஆரம்பித்தேன். எந்த ஊர்க் குழந்தைக்கோ தைத்தது, மார்பில் ஒரு சிரிக்கிற சூரியன், அச்சு சரியாக விழாமல் சூரியனுக்கு ஒரு கண் இல்லை, அந்தக் கண் இல்லை என்று அட்டையை ஒட்டித் தள்ளியவன் நான். செக்கிங் செக்‌ஷனில் எனக்கு அதுதான் வேலை, விளக்கு மேஜைமேல் துணியை விரித்து ஓட்டை, கறை, நூல் விட்டது, தையல் இழுத்தது பார்ப்பது, ஊசி எண்ணெய்க் கறைக்கும் துருக் கறைக்கும் கண்ணை மூடிக்கொண்டு வித்தியாசம் சொல்வேன். இப்போது இந்தப் பனியனில் வயிற்றுப் பக்கம் படிந்திருப்பதற்கு எந்த அட்டையிலும் பெயர் கிடையாது. நடுவில் கருஞ்சிவப்பு, சுற்றிலும் மஞ்சள், அதற்கும் வெளியே காய்ந்துபோன பச்சை, ஓரத்தில் தேன் மாதிரி ஒட்டுகிற ஏதோ ஒன்று. கத்தரியை விட்டு முதுகுப் பக்கமாக வெட்டுகிறேன், சூரியன் இரண்டாகப் போகிறது, துணி புண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, இழுத்தால் அவள் கத்துவாள், உப்புப் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி ஊறவிட வேண்டும். ஊறுகிற நேரம்தான் கொடுமை. வேலை செய்யும்போது கண் வேலையைப் பார்க்கும், சும்மா இருக்கும்போது கண்ணுக்குக் காட்சிதான் மிச்சம். வெதுவெதுப்பான தண்ணீர் பட்டதும் உள்ளே அடைந்து கிடந்த நாற்றம் எழுந்து வருகிறது, அலமாரிக்குப் பின்னால் செத்த எலியும் பால் திரிந்த பாத்திரமும் ஒன்றாகச் சேர்ந்த நாற்றம், அதற்குள் எங்கேயோ லேசாக ஒரு இனிப்பு. அந்த இனிப்பைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. முழுக்க நாறினால் மனிதன் பழகிக்கொள்வான், அதில் இனிப்பு என்ன மயிருக்கு.

துணி வந்துவிட்டது. வந்ததோடு ஒரு துண்டுச் சதையும் வந்துவிட்டது, அவள் கத்தவில்லை, மூச்சை இழுத்துப் பிடித்தாள், நானும் பிடித்தேன். கடைசி மடிக்காம்பு இருந்த இடத்தில் இப்போது காம்பு இல்லை, வெடித்த கொய்யா மாதிரி ஒன்று தொங்குகிறது, உள்ளே சிவப்பு, மேலே வெள்ளைப் படலம். முதலில் இது சுண்டைக்காய்தான். குளிப்பாட்டும்போது யமுனா கையில் தட்டுப்பட்டது, அப்பா இங்க பாருங்க என்றாள், மாமா தொட்டுப் பார்த்துவிட்டுக் கொழுப்புக் கட்டிம்மா என்றார், அத்தை சந்தனம் இழைத்துப் பூசினார். சுண்டைக்காய் எலுமிச்சை ஆனபோது நான்தான் டாக்டரிடம் கொண்டுபோனேன். டாக்டர் அழுத்திப் பார்த்தார், இப்போதே வெட்டி எடுத்துவிட்டால் நாய் பிழைத்துக்கொள்ளும், விட்டால் பரவும் என்றார், தெளிவாகத்தான் சொன்னார், இதில் குழம்புவதற்கு ஒன்றுமே இல்லை. ஆனால் இந்த வீட்டில் எதற்கும் பூ கேட்க வேண்டும். போர்வெல் போடுவதற்குப் பூ, ஸ்கூட்டர் வாங்குவதற்குப் பூ, மகனை நாமக்கல்லில் சேர்ப்பதற்குப் பூ. ஒரு இலையில் வெள்ளை அரளி, ஒரு இலையில் செவ்வரளி, இரண்டையும் ஒரே மாதிரி மடித்து வாழைநாரால் கட்டி அம்மன் காலடியில் வைத்துப் பூசாரி ஒன்றை எடுப்பார், வெள்ளை வந்தால் அம்மன் சரி என்கிறாள், சிவப்பு வந்தால் வேண்டாம் என்கிறாள், எடுக்காத பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கக் கூடாது, அப்படியே கிணற்றில் போட்டுவிட வேண்டும். டாலியின் ஆபரேஷனுக்குச் சிவப்பு வந்தது. மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டார், அவ்வளவுதான், எலுமிச்சை கொய்யாவாகட்டும் என்று விட்டுவிட்டோம். விட்டுவிட்டோம் என்கிறேன் பார், நானும் சேர்த்தி. என் கல்யாணத்துக்கும் பூ கேட்டார்கள், யமுனாவே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள், முதல் தடவை சிவப்பு, இரண்டாம் தடவை சிவப்பு, வீட்டோடு இருக்க ஒத்துக்கொள்கிற மாப்பிள்ளை வேறே கிடைக்காததால் மூன்றாம் தடவை கேட்டு வெள்ளை வாங்கினார்களாம். மாமாவின் குடலிறக்க ஆபரேஷனுக்கும் மூன்று தடவை. அம்மனும் மனுஷிதானே, விடாமல் கேட்டால் இறங்கி வருவாள். டாலிக்கு மட்டும் ஒரே தடவைதான் கேட்டார்கள், ஒரே தடவையில் அம்மன் வாக்கு அம்மன் வாக்காகிவிட்டது.

பஞ்சை உப்புத் தண்ணீரில் நனைத்து ஓரத்திலிருந்து துடைக்கிறேன். நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைக்கச் சொன்னார் டாக்டர், என் கைக்கு அது வரமாட்டேன் என்கிறது, பழக்கதோஷம், கறையை வெளியிலிருந்து உள்ளே ஒற்றித்தான் எடுக்க வேண்டும், பரவவிடக் கூடாது, கையை நிறுத்தி நிறுத்தித் திருத்திக்கொள்கிறேன். சமையலறை ஜன்னல் வழியாகச் சாம்பிராணிப் புகை வருகிறது. அமாவாசை அல்லவா, அத்தை காலையிலிருந்து வீட்டைக் கழுவித் தள்ளுகிறார், சாமிக்குப் போட்ட புகை பாதி, எங்களுக்குப் போட்டது பாதி. அத்தை என்னிடம் நேரே பேச மாட்டார், மரியாதையாம், சுவரைப் பார்த்துப் பேசுவார், சுவர் எனக்குச் சொல்ல வேண்டும். "கதவச் சாத்திக்கிட்டா நல்லாருக்கும், பூசை ரூமு வரைக்கும் வருது" என்கிறார் சுவரிடம். காலால் கதவைத் தள்ளிச் சாத்துகிறேன். புகையும் நானும் டாலியும் புழக்கடைப் பொடக்காலியில். மாமாவுக்கு இந்தப் பக்கம் வரவே முடியாது, ரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றுமாம். கோயில் கிடாவெட்டில் மாலையும் துண்டுமாக முதல் வரிசையில் நிற்கிறவர், துள்ளுகிற உடம்பைப் பக்கத்தில் நின்று பார்க்கிறவர், எந்தத் தொடை எந்த வீட்டுக்கு என்று பங்கு பிரிக்கிறவர். கேட்டால் அது வேற இது வேறங்க மாப்ள என்பார். வேறுதான். டாலியை ஸ்கூட்டரில் முன்னால் நிற்க வைத்துக் கடைவீதி முழுக்கச் சுற்றிக்காட்டியவர், பொறை பிஸ்கட்டை டீயில் நனைத்து ஊதி ஊதி ஊட்டியவர், இப்போது அந்தப் பிஸ்கட் பாக்கெட்டை என் கையில் கொடுத்து நீங்களே குடுத்துருங்க என்று முன்வாசலோடு போய்விடுகிறார். ஒருநாள் காலை திரும்பிப் பார்த்தால் அதே சமையலறை ஜன்னலுக்கு உள்ளே மாமா நிற்கிறார், மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு, கண் இரண்டும் கொட்டுகிறது. எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும், வரவில்லை, அருவருப்புத்தான் வந்தது, புண்ணைப் பார்த்து வந்ததைவிட அதிகம். அழுகிறதாக இருந்தால் துண்டை எடு ஐயா, துண்டை எடுத்துவிட்டு அழு என்று கத்தலாம் போல இருந்தது. வீட்டோடு மாப்பிள்ளை கத்துவதற்கென்று தனியாக ஓர் இடம் இந்த வீட்டில் கட்டவில்லை.

குழிக்குள் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். இதற்குத்தான் நான் காலையில் கண்விழித்ததும் பயப்படுவது. போன வாரம் ஒரு ஈ எப்படியோ பனியனுக்குள் போய்விட்டது, இரண்டு நாள் கழித்து டார்ச் அடித்தால் குழிக்குள் சோறு, ஒரு கணம் உண்மையாகவே சோறு என்றுதான் நினைத்தேன், யாரோ சோற்றுப் பருக்கையைக் கொட்டிவிட்டார்கள் என்று, அப்புறம் சோறு நகர்ந்தது. இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் போட்டேன், உள்ளே இழுத்துக்கொள்ளும், திரும்ப எட்டிப் பார்க்கும், அதற்கும் உயிர், அதற்கும் பசி. முடித்ததும் இதே கல்லடியில் வாந்தியெடுத்தேன், டாலி தலையைத் தூக்கி அதை மோந்து பார்த்தாள், அதற்கும் சேர்த்து இன்னொரு தடவை எடுத்தேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்குவதில்லை, இட்லி, சப்பாத்தி, அதுவும் கரண்டியால். சப்பாத்தியைக் கரண்டியால் தின்கிற ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். "மாப்பளைக்குத் துரைத்தனம் வந்துருச்சாட்ட இருக்குது" என்று அத்தை சுவரிடம் சொன்னார். கையைத் தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்தாலும் நகத்துக்குள் இருக்கிறது அந்த வாசம், கம்பெனியில் துணியை முகத்துக்கு நேரே தூக்கினால் துணியிலும் வருகிறது, பக்கத்து மேஜைக்காரன் தன் ஸ்டூலை நகர்த்திப் போட்டுக்கொண்டான். ராத்திரி யமுனா திரும்பிப் படுக்கிறாள். தூக்கத்தில் திரும்புகிறாளா, நான் வந்ததால் திரும்புகிறாளா என்று விட்டத்தைப் பார்த்துக் கணக்குப் போடுவேன், போட்டபடியே என் வயிற்றை, கழுத்தை, அக்குளைத் தடவிப் பார்ப்பேன், எங்காவது சுண்டைக்காய் இருக்கிறதா என்று. இருந்தால் என்ன ஆகும். பூ கேட்பார்கள். சிவப்பு வந்தால் சந்தனம் பூசுவார்கள். இரண்டாம் தடவை கேட்பார்களா எனக்கு, யார் எழுந்து போய்க் கேட்பது, மகன் நாமக்கல்லில், யமுனா திரும்பிப் படுத்தபடி, அத்தை சுவரிடம், மாமா ஜன்னலுக்குள் துண்டோடு. எந்த ரிஜெக்ட் பனியனை எவன் எனக்கு மாட்டிவிடுவான். இன்றைக்கு டார்ச் வெளிச்சத்தில் புழு இல்லை. அதற்குச் சந்தோஷப்படுகிற அளவுக்கு வந்துவிட்டது என் பிழைப்பு.

புழு இல்லை, ஆனால் ரத்தம் வருகிறது. துடைத்த இடத்தில் முத்து முத்தாகக் கிளம்பி ஒன்றாகச் சேர்ந்து வழிகிறது, வேஸ்ட் துணியைச் சுருட்டி இடது கையால் அழுத்திப் பிடித்திருக்கிறேன், பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் திரும்பக் கிளம்பும். இப்போதெல்லாம் தினமும் இப்படித்தான். பிஸ்கட்டை மூக்கருகே வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், மூத்திரம் போகும்போது ஊளையிடுகிறாள், மூச்சு விட்டால் விலா எலும்பு ஒவ்வொன்றும் எழுந்து உட்காருகிறது. நேற்று டாக்டர் வந்து பார்த்தார், நுரையீரலுக்கும் போயிருக்கும் என்றார், வலி தெரியாமல் ஊசி போட்டுவிடலாம், வீட்டில் பேசிவிட்டுப் போன் செய்யுங்கள், நாளை மத்தியானம் வந்துவிடுகிறேன் என்றார். வீட்டில் பேசினோம். பேசுவது என்றால் என்ன, எல்லோரும் எல்லோருடைய வாயையும் பார்த்தோம். யமுனா உள்ளே போய்விட்டாள், அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார், மாமா தன் கையைப் பார்த்துக்கொண்டு, "பைரவரு வாகனமுங்க மாப்ள, உத்தரவில்லாம உசுரெடுத்தா வம்சத்துக்கு ஆகாது, நாளைக்கு அமாவாசை, அம்மாகிட்டப் பூக் கேட்டறலாம்" என்றார். விடிந்ததும் அரளி பறித்து மடித்துக்கொண்டு போயிருக்கிறார். வெள்ளை வந்தால் மத்தியானம் டாக்டர். சிவப்பு வந்தால் நாளைக் காலையும் இதே கல், இதே சட்டி, நாளை மறுநாளும், அவள் தானாகச் சாகும்வரை, அதற்குள் எத்தனை ஈ. வெள்ளை வரட்டும், தாயே, வெள்ளை வரட்டும் என்று நானும் கேட்கிறேன், இந்தக் கையை வைத்துக்கொண்டு கும்பிடக்கூட முடியாது, வாயால் கேட்கிறேன். யாருக்காகக் கேட்கிறாய் என்று அம்மன் திருப்பிக் கேட்பாள். இவள் வலி போகட்டும் என்றா, என் மூக்கு தப்பட்டும் என்றா. எத்தனை ஒற்றினாலும் இரண்டும் தனித்தனியாகப் பிரிந்து வர மாட்டேன் என்கிறது. டாலி கழுத்தைத் திருப்பி, பிடித்துக்கொண்டிருக்கிற என் மணிக்கட்டை நக்குகிறாள், அங்கே வழிந்திருப்பது அவளுடைய சீழ்தான், அதைத்தான் நக்குகிறாள், சூடாக, மெல்ல, நாக்கு பலமில்லாமல் பாதியில் நின்று திரும்பத் தொடங்குகிறது. கையை எடுக்கவும் முடியாது. கடித்துத் தொலையேன், சனியனே, தீபாவளிக்குக் கடித்தாயே அப்படிக் கடியேன், நானும் உன்னைத் திட்டிவிட்டு எழுந்து போய்விடுவேன். கடிக்க மாட்டேன் என்கிறாள்.

ஸ்கூட்டர் சத்தம். மாமாவின் ஸ்கூட்டர் நிற்கும்போது ஒரு தடவை இருமும். முன்கதவு, செருப்பு, அத்தையின் குரல், யமுனாவின் குரல், எதுவும் புரியவில்லை, சமையலறைக்குள் காலடி கூடுகிறது. மாமா முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று தயாராக உட்கார்ந்திருக்கிறேன். கதவு திறந்தது. வாசற்படியில் மூவரும் நிற்கிறார்கள், ஒருவரும் கீழே இறங்கவில்லை. மாமா ஒரு கையால் துண்டை மூக்கில் பொத்திக்கொண்டு இன்னொரு கையில் எவர்சில்வர் தட்டை நீட்டிப் பிடித்திருக்கிறார். தட்டில் இரண்டு பொட்டலம், இரண்டும் கட்டுப் பிரியாமல்.

"பூசாரி எடுக்க மாட்டீன்னுட்டானுங்க மாப்ள" என்றார் துண்டுக்குள்ளிருந்து. "உசுரெடுக்கற காரியத்துக்கு நாங் கைய வெக்க மாட்டேன், அம்மா காலடியில வெச்சுக் குடுத்துட்டேன், ஊட்டு ஆளு யாராச்சும் எடுத்துக்கங்கன்னு சொல்லிப் போட்டான்."

"செரி, நீங்க எடுங்க மாமா."

"எங் கையில வேண்டாமுங்க." தட்டை என் பக்கம் தள்ளினார். "குட்டியில இருந்து ஊட்டுன கை."

அத்தையைப் பார்த்தேன். "எனக்கு வேண்டாஞ்சாமி" என்று அத்தை சுவரைப் பார்த்தார். யமுனாவைப் பார்த்தேன். அவள் டாலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ரொம்ப நாளைக்கப்புறம் இவ்வளவு நேரம் பார்க்கிறாள் என்று தோன்றியது. "நீங்களே எடுத்துருங்க" என்றாள்.

ஆக இந்த வீட்டில் நானும் ஒரு ஆள். போர் போட்டபோது இல்லை, ஸ்கூட்டர் வாங்கியபோது இல்லை, மகனை நாமக்கல்லில் சேர்த்தபோது என்னிடம் மூட்டை தூக்குவதற்குத்தான் சொன்னார்கள், இன்றைக்கு அமாவாசைப் பகலில் நாச்சிமுத்துவின் வீட்டு ஆளாகிவிட்டேன். சிரிப்பு வந்தது, வாயைத் திறந்தால் நாற்றம் உள்ளே போகும் என்று அடக்கிக்கொண்டேன். "கையக் கழுவிட்டு எடுக்கச் சொல்லு யமுனா, சாமி பூவு" என்றார் அத்தை. "எந்திரிச்சா ரத்தம் கொட்டுமுங்க அத்தை, இப்படியே வேணும்னா எடுக்கறேன்" என்று நானும் சுவரிடம்தான் சொன்னேன். மாமா கண்ணை மூடிக்கொண்டு, "பரவால்லீங்க, ஆத்தா கோவிச்சுக்க மாட்டா" என்று தட்டை இன்னும் கொஞ்சம் நீட்டினார். இடது கை புண்மேல். வலது கையை எடுத்துப் பார்த்தேன், விரலிடுக்கு முழுக்கச் சீழும் ரத்தமும் புண்ணுக்குப் போடுகிற பழுப்பு மருந்தும், ரேகையே தெரியவில்லை. அந்தக் கையை எட்ட நீட்டி ஒரு பொட்டலத்தை எடுத்தேன். கிட்டே இருந்ததை எடுத்தேன், வேறு யோசனை ஒன்றும் செய்யவில்லை. நாரைக் கட்டைவிரல் நகத்தால் அறுத்தேன், இலை ஒரு ஓரம் விலகியது.

சிவப்பு.

என் முகத்துக்கு மட்டும் தெரிகிற மாதிரித்தான் விலகியிருந்தது. சிவப்புத்தான், வேறு எதுவாகவும் அதைப் பார்க்க வழியில்லை, பத்தொன்பது வருஷமாக நிறம் பார்த்துச் சம்பளம் வாங்குகிற கண். நாளைக் காலை என்று அந்தச் சிவப்பு சொன்னது, நாளை மறுநாள் காலை என்றது. டாலி இன்னொரு தடவை மணிக்கட்டை நக்கினாள். விரல்கள் தாமாக மூடிக்கொண்டன. இலையும் பூவும் உள்ளே நசுங்குவது தெரிந்தது, நசுங்கி ஏதோ ஈரம் பிதுங்கியது.

"வெள்ளைங்க மாமா" என்றேன்.

மாமா கண்ணைத் திறந்தார், துண்டு மூக்கிலிருந்து கொஞ்சம் இறங்கியது. "வெள்ளைங்களா? எங்க, காட்டுங்க பாக்கலாம்." நியாயமான கேள்விதான். சாமி உத்தரவைக் கண்ணால் பார்க்க வேண்டுமா இல்லையா. மூடிய கையை அப்படியே அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன், திறக்கப் போகிறவன் மாதிரி. முட்டிகளுக்கு நடுவிலிருந்து மஞ்சளும் சிவப்புமாக ஒரு சொட்டுத் திரண்டு, நீண்டு, வாசற்படியில் அவர் காலுக்கு முன்னால் விழுந்தது. மாமா ஒரு எட்டுப் பின்னால் போனார். துண்டு மறுபடி மூக்குக்கு ஏறியது, அத்தை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். இந்தக் கையைப் பிரித்துப் பார்க்கிற ஆள் இந்த வீட்டில் கிடையாது, அது எனக்குத் தெரியும், இத்தனை நாள் அதை நினைத்து நினைத்துத்தான் மனம் கொதித்தது.

"செரீங்க, செரீங்க, ஆத்தா உத்தரவு குடுத்துட்டா" என்றார் மாமா. உள்ளே போகிற நடையில் தோள் இரண்டும் லேசாகி இறங்கியிருந்தன, வாசலுக்குப் போய் டாக்டருக்குப் போன் செய்கிற சத்தம் கேட்டது, "அம்மா சொல்லிட்டாளுங் டாக்டர்" என்றார், அதற்கப்புறம் அழுதார், துண்டோடா துண்டில்லாமலா தெரியவில்லை. அத்தை தட்டிலிருந்த மற்றப் பொட்டலத்தைப் பிரிக்காமல் கிணற்றில் போட எடுத்துப் போனார். கிணற்றில் விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை, பூவுக்கு என்ன கனம்.

ரத்தம் நின்றிருந்தது. இடது கையை மெல்ல எடுத்தேன், வலது கை இன்னும் மூடியபடியே இருந்தது, திறக்கத் தெரியாத மாதிரி. யமுனா படியிலிருந்து இறங்கிவந்தாள். இத்தனை நாளில் ஒருநாளும் இறங்காதவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து, வாளியிலிருந்து தண்ணீரை மொண்டு, "காட்டுங்க" என்றாள். அவள் அப்பா கேட்ட அதே வார்த்தை. முகத்தில் துணி எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. சாக்கடை ஓரமாகக் குந்திக் கையை நீட்டினேன், தண்ணீர் விழுந்தது, வேறு வழியில்லை, விரல்களைத் திறந்தேன். முதலில் சீழ் போனது, அப்புறம் ரத்தம், அப்புறம் இலை, அப்புறம் செவ்வரளி. ரத்தத்தோடு ரத்தமாகப் போய்விடும் என்று பார்த்தால் ஓர் இதழ் மட்டும் சாக்கடை வாயிலிருந்த கம்பியில் மாட்டிக்கொண்டு நின்றது, கழுவக் கழுவ இன்னும் பளிச்சென்று சிவந்தது. நான் அவளைப் பார்க்கவில்லை. ஊற்றுகிற தண்ணீர் மட்டும் ஒரு கணம் நின்றது. சாமி பூ காலில் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவள் அவள், கல்யாண மாலையிலிருந்து உதிர்ந்ததைக்கூட மிதிக்காமல் தாண்டித் தாண்டி நடந்தவள். அவள் கால் கட்டைவிரல் நகர்ந்துவந்து அந்த இதழைக் கம்பிக்குள் தள்ளியது.

"நெகத்துக்குள்ள நல்லாத் தேயுங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி ஊற்றினாள்.